ரிவெட் துளையில் பிசிறு எடுப்பது: விமானம் கட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களுக்கும், அவர்களுக்குக் கை கொடுக்க வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கத்துப் பட்டறைகளிலிருந்து வரும் தம்பிகளுக்கும் இதை எழுதுகிறேன். அலுமினியத் தகடுகளைப் பிணைக்கும் ஆணியான ரிவெட்டுக்காகத் துளை போட்டதும் விளிம்பில் எழுந்து நிற்கிறதே பிசிறு, பட்டறையில் பர் என்பார்கள், அதை எப்படி எடுப்பது, எவ்வளவு எடுப்பது என்பதுதான் இங்கே விஷயம். தகட்டு வேலையில் கை பழகியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்கள் கிட்டோடு, அதாவது விமானப் பாகங்களின் தொகுப்போடு, வந்த கையேடு ஓர் இடத்தில் வேறு மாதிரி சொன்னால் கையேடு சொல்வதையே செய்யுங்கள்.

பிசிறு ஏன் வருகிறது? பிட் புதிதாக இருந்தாலும் வருமா?

வரும். டிரில் பிட் தகட்டை வெட்டிக்கொண்டே போய் மறுபக்கம் வெளிவரும் நேரத்தில், அங்கே மிச்சமிருப்பது மிக மெல்லிய படலம். வெட்டுப்படுவதற்கு அதற்குப் பின்னால் முட்டு இல்லை. அதனால் அது வளைந்து, இழுபட்டு, கிழிந்து, துளையைச் சுற்றி விளிம்பாக நின்றுவிடுகிறது. சில துளைகளில் அந்தப் படலம் கிழியாமல் சின்னத் தொப்பியாக ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு தொங்குவதையும் பார்க்கலாம். பிட் நுழைந்த பக்கத்திலும் பிசிறு உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

இவ்வளவு சின்னதை எடுக்காமல் விட்டால் என்ன ஆகிவிடும்?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். கேட்பதும் நியாயம்தான். கேட் செய்யும் பட்டறையிலோ ஷட்டர் செய்யும் பட்டறையிலோ ரிவெட் துளைக்கு யாரும் பிசிறு எடுப்பதில்லை, அந்த கேட்டும் ஷட்டரும் வருஷக்கணக்கில் நிற்கின்றன. விமானத்தில் ஏன் விடக்கூடாது என்றால், காரணம் ஒன்றல்ல.

முதலில், இரண்டு தகடும் ஒன்றோடொன்று படியாது. ரிவெட்டின் பலம் அதன் உடம்பில் மட்டும் இல்லை. தகடுகளை இறுக்கி அமுக்கி வைத்திருப்பதிலும் இருக்கிறது. நடுவே பிசிறு நின்றால் மயிரிழை இடைவெளி விழும். ரிவெட் அடிக்கும்போது அதன் மிருதுவான அலுமினியம் அந்த இடைவெளிக்குள் புகுந்து உப்பிக்கொள்ளும். வெளியே பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும்: அடித்து உருவாகும் கடைத்தலை ரிவெட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலம், பாதி விட்டம் உயரம், அளவுமானியில் வைத்தால் பாஸ். ஆனால் உள்ளே தகடுகள் விலகியேதான் நிற்கும். கொஞ்ச நாள் பறந்ததும் அந்த ரிவெட் ஆடத் தொடங்கும். ஆடும் ரிவெட்டைச் சுற்றிக் கறுப்பாகப் பொடி கசிந்து கோடு விழும். இதைப் பழைய விமானங்களில் பார்த்திருப்பீர்கள்.

இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரியது. விரிசல் எங்கே பிறக்கும் என்று கேட்டால் துளை ஓரத்தில்தான். அகலமான தகடு ஒன்றை இழுத்தால், அதிலுள்ள வட்டத் துளையின் ஓரத்தில் மற்ற இடத்தைப் போல மூன்று மடங்கு இழுவிசை விழும் என்று ஜெர்மன் பொறியாளர் கிர்ஷ் 1898-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். துளை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்த மூன்று மடங்கு உண்டு. அதே ஓரத்தில் கிழிந்த பிசிறும் இருந்தால், கிழிசலின் அடியிலுள்ள ஒவ்வொரு கீறலும் விரிசலுக்கு ஒரு வாசல். ஒரு தடவை இழுத்தால் எதுவும் ஆகாது. எஞ்சின் அதிர்வு, காற்றடி, ஒவ்வொரு தரையிறக்கமும் கொடுக்கும் குலுக்கல் என்று திரும்பத் திரும்ப இழுபடும்போதுதான் அந்த வாசல் திறக்கும்.

துளை ஓரத்து விரிசல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் நடந்ததைச் சொல்வார்கள். ஹிலோவிலிருந்து ஹொனலுலு போய்க்கொண்டிருந்த அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்றின் மேற்கூரை, சுமார் 24,000 அடி உயரத்தில், ஏறத்தாழ 18 அடி நீளத்துக்குப் பிய்ந்து போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். அதற்குக் காரணம் பிசிறு இல்லை, அதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். தகடுகளை ஒட்டியிருந்த பசை விட்டுப்போய், முழுச் சுமையும் ரிவெட்டுகள் மேல் விழுந்தது. ரிவெட் தலை உட்காரக் குடைந்த துளைகளின் அடி ஓரம் கத்திமுனையாக மெலிந்திருந்தது. விரிசல்கள் அங்கிருந்து கிளம்பி, ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குப் போய்ச் சேர்ந்துகொண்டன. குறுகிய தூரத்துக்கு அடிக்கடி பறந்த, உப்புக்காற்றிலேயே வாழ்ந்த விமானம் அது. நாம் கட்டுகிற இரண்டு இருக்கை விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏற்றுவதில்லை, சுமையும் குறைவு. ஆனால் உலோகம் அதே ரகம். விரிசல் பிறக்கும் இடமும் அதே துளை ஓரம்தான்.

சரி, எவ்வளவு எடுக்க வேண்டும்?

தகட்டின் மட்டத்துக்கு மேலே நிற்பதை மட்டும். அதற்குக் கீழே ஓர் இழைகூட வேண்டாம்.

மற்ற கேள்விகளை விட்டாலும் இதை விடாதீர்கள். புதிதாக வருகிறவர்களில் பிசிறை விட்டுவிடுகிறவர்களைவிட அதிகமாக எடுத்துவிடுகிறவர்கள்தான் நிறைய. லேத்து வேலை பழகியவர்களுக்கு ஒவ்வொரு துளை வாயிலும் பளபளவென்று ஒரு சரிவு தெரிந்தால்தான் வேலை முடிந்த திருப்தி வரும். கனமான இரும்புத் துண்டில் அது அழகு. இங்கே தகட்டின் கனத்தைப் பாருங்கள். இறக்கையின் மேல்தகடு பல விமானங்களில் 0.025 அங்குலம், அதாவது சுமார் 0.64 மி.மீ. அதில் ஒரு பக்கம் 0.005 அங்குலம் சரிவு விழுந்தால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. இரண்டு பக்கமும் அப்படி விழுந்தால் 0.010 அங்குலம் போய்விட்டது. ரிவெட்டைத் தாங்க வேண்டிய சுவரில் நூற்றுக்கு நாற்பது பங்கு காலி. மிச்சமிருக்கும் ஓரம் மெலிந்து கத்திமுனையாகிவிடும். ஹவாய் விமானத்தில் பார்த்த அதே கத்திமுனையை நாமே உண்டாக்கிவிடுகிறோம்.

கை எப்படி இருக்க வேண்டும் என்றால், கருவியைத் துளையில் வைத்து, அதன் எடையோடு விரல் எடை கொஞ்சம் சேர்த்து, ஒரு சுற்று அல்லது இரண்டு சுற்று. அமுக்கக் கூடாது. சரியாகச் செய்தால் முடி போல மெல்லிய வளையம் ஒன்று பிட்டின் நுனியில் சுற்றிக்கொண்டு வரும், சில சமயம் முழு வட்டமாகவே வரும். அந்த வளையம் வந்ததும் நிறுத்துங்கள். அடுத்த சுற்றில் வருவது தூளாகவோ செதிலாகவோ இருந்தால் அது பிசிறு இல்லை, உங்கள் தகடு. பிறகு டியூப்லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். துளை வாயில் ஒளி ஒரு மெல்லிய கோடாக மின்னலாம். அந்தக் கோட்டுக்கு அகலம் இருப்பதாகத் தெரிந்தால் அதிகம் எடுத்தாயிற்று.

வீணான துண்டுத் தகட்டில் நிறையத் துளை போட்டுப் பழகுங்கள். பழகிய துண்டை ஒரு துளையின் நடுவே வெட்டி, வெட்டு முகத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது தெரியாத சரிவு அங்கே அப்பட்டமாகத் தெரியும். இதைப் பார்த்த பிறகு யாருக்கும் கை தானாகவே இலகுவாகிவிடும்.

எந்தக் கருவி நல்லது? பாரிமுனையில் கிடைக்குமா?

மூன்று வழி உண்டு. முதலாவது, துளையைவிடப் பெரிய டிரில் பிட் ஒன்றைக் கையில் பிடித்து விரலால் திருப்புவது. கால் அங்குலமோ எட்டில் மூன்று அங்குலமோ போதும். செலவில்லாத வழி, ஆனால் சாதாரண பிட் சில சமயம் கடித்து உள்ளே இழுக்கும். ஒட்டும் நாடாவையோ துணியையோ பிட்டின் மேல் சுற்றி, கையில் வழுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கைப்பிடியில் மாட்டிய கவுண்டர்சிங்க் பிட், அதாவது துளை வாயைக் கூம்பாகக் குடையும் பிட். கைப்பிடி நேராக இருந்தால் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி வலி வந்துவிடும். வளைந்த கைப்பிடியோடு, நுனியில் பிட் சுழலும்படி செய்த கருவியும் உண்டு. ஒரு கையால் பிட்டைத் துளையில் நிறுத்தி, மறுகையால் சுற்றினால் வேகமாக வேலை நடக்கும். நான் வாங்கச் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது, பேட்டரி ஸ்க்ரூடிரைவரில் பிட்டை மாட்டி மெதுவான வேகத்தில் தொடுவது. துளை ஆயிரக்கணக்கில் இருக்கும்போது கைக்கு நல்ல ஓய்வு. ஆனால் கையால் செய்து உணர்வு வந்த பிறகுதான் இதைத் தொட வேண்டும். வேகமாகச் சுற்றும் டிரில் மெஷின் வேண்டவே வேண்டாம். கண் இமைக்கும் நேரத்தில் சரிவு விழுந்துவிடும்.

பிட் விஷயத்தில் ஒரு குறிப்பு. பல பல் வைத்த கவுண்டர்சிங்க் மெல்லிய தகட்டில் அதிர்ந்து, துளை வாயை வட்டமாக விடாமல் கோணல் கோணலாக ஆக்கும். ஒற்றைப் பல் பிட், அல்லது கூம்பில் சாய்வாக ஓர் ஓட்டை மட்டும் போட்டிருக்கும் பிட், இரண்டும் வழவழவென்று வெட்டும். லிங்கிச் செட்டி தெருப் பக்கத்து டூல்ஸ் கடைகளில் கேட்டால் கவுண்டர்சிங்க் பிட்டுகள் கிடைக்கும். பெரும்பாலும் 90 டிகிரி. பிசிறு எடுக்க மட்டும் என்றால் கோணம் 82 ஆனாலும் 90 ஆனாலும் 100 ஆனாலும் பரவாயில்லை, ஏனென்றால் விளிம்பை மட்டும்தான் தொடுகிறோம். ஆனால் அதே 90 டிகிரி பிட்டை வைத்து ரிவெட் தலைக்குக் குடைந்துவிடாதீர்கள். விமானத்தின் தட்டைத்தலை ரிவெட் ஏ.என். 426-க்கு 100 டிகிரி. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்காமல் இருப்பது நல்லது.

துளை போடும்போதே பிசிறைக் குறைக்க முடியுமா?

நிறையக் குறைக்கலாம். பிட் கூர்மையாக இருக்கட்டும். தகட்டுக்குப் பின்னால் மரக்கட்டை வைத்து அமுக்கிப் பிடித்தால், அந்தக் கடைசிப் படலத்துக்கு முட்டு கிடைத்துவிடும், கிழியாமல் வெட்டுப்படும். பிட் செங்குத்தாக நிற்க வேண்டும். வேகம் அதிகமாகவும் அழுத்தம் குறைவாகவும் இருக்க வேண்டும். மொட்டை பிட்டை வைத்துக்கொண்டு உடம்பு எடையைப் போட்டு அமுக்குகிறவர்களின் துளையைப் பின்பக்கம் தடவினாலே தெரிந்துவிடும்.

இன்னும் நல்லது, முதலில் கொஞ்சம் சின்னதாகத் துளை போட்டு, கடைசி அளவை ரீமரால், அதாவது துளைச் சுவரைச் சீவி அளவுக்குக் கொண்டுவரும் கருவியால், எடுப்பது. துளை வட்டமாக வரும், சுவர் வழவழப்பாக இருக்கும், பிசிறும் சொற்பம்தான்.

அளவு பற்றியும் கேட்கிறார்கள். 3/32 அங்குல ரிவெட்டுக்கு நம்பர் 40 பிட், அது 0.098 அங்குலம், 1/8 அங்குல ரிவெட்டுக்கு நம்பர் 30 பிட், 0.1285 அங்குலம். நம்பர் பிட் நம் ஊர்க் கடையில் எளிதில் கிடைக்காது. 2.5 மி.மீ. பிட் நம்பர் 40-க்குக் கிட்டத்தட்ட அதேதான், வித்தியாசம் 0.01 மி.மீ. நம்பர் 30-க்கு அப்படிச் சரியான ஜோடி இல்லை. 3.25 ஒரு பொட்டு சின்னது, 3.3 ஒரு பொட்டு பெரிது. அதை மட்டும் வரவழைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கட்டத்தில் பிசிறு எடுக்க வேண்டும்?

கடைசி அளவுக்குத் துளை போட்ட பிறகு, எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு. தகடு, இறக்கைக்கு உருவம் கொடுக்கும் ரிப், அதன் முதுகெலும்பான ஸ்பார் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, கிளிக்கோ என்னும் தற்காலிகக் கவ்வியைக் குத்தி, சேர்த்தே துளையைக் கடைசி அளவுக்குக் கொண்டுவருவோம். அப்போது தகடுகளுக்கு நடுவிலும் பிசிறு எழும், வெட்டிய செதிலும் உள்ளே புகும். கிளிக்கோ அமுக்கிப் பிடித்திருப்பதால் வெளியே எதுவும் தெரியாது. "ஏற்கெனவே படிந்துதானே இருக்கிறது, இதை ஏன் திரும்பப் பிரிக்கணும்?" என்று சோர்வாக ஒரு கேள்வி வரும். பிரிக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு தகட்டிலும் இரண்டு பக்கமும் எடுத்து, துடைத்து, அப்புறம் டிம்பிள் (ரிவெட் தலை உட்காரும் குழி), அப்புறம் பிரைமர் (அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சு), அதற்கப்புறம் ரிவெட்.

பிரிக்கும் முன் எந்தத் துண்டு எங்கே என்று மெல்லிய மார்க்கர் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். பென்சில் வேண்டாம். பென்சில் கரியும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அந்தக் கோட்டிலேயே அரிப்பு தொடங்கும்.

பிரிக்கவே முடியாத இடம் என்றால், கிளிக்கோவைத் தளர்த்தி, மெல்லிய தகட்டுக் கீற்றை நடுவே செருகி இழுத்துச் செதிலை வெளியே எடுக்கலாம். இது கடைசி வழி. கீற்றின் ஓரம் மழுங்கலாக இருக்கட்டும், தகட்டில் கோடு விழக்கூடாது.

டிம்பிள் போடும் துளைக்கு இன்னும் கவனம் வேண்டுமா?

ஆம். மெல்லிய தகட்டில் தட்டைத்தலை ரிவெட் உட்காருவதற்குக் குடைவதில்லை. அச்சு வைத்து அமுக்கிக் குழி போடுகிறோம். அப்போது துளையின் ஓரம் இழுபட்டு விரியும். பிசிறோ கிழிசலோ இருந்தால் விரியும்போதே அங்கே வெடிப்பு விழும். அதனால் டிம்பிள் போட்டபின், லென்ஸ் வைத்து ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். டிம்பிள் போட்ட பிறகு அந்த ஓரத்தில் மறுபடி பிட்டை விட்டுச் சுரண்டக் கூடாது.

துளை ஓரத்தின் தரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அண்மைக் காலத்தில் ஒரு பாடம் கிடைத்தது. அமெரிக்காவின் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் தன் கிட்டுகளின் சில பாகங்களில் துளைகளை லேசரால் வெட்டி அனுப்பியது. டிம்பிள் போட்டபோது சில துளைகளின் ஓரத்தில் விரிசல் விடுவதைக் கட்டுகிறவர்கள் கண்டார்கள். 2023-இல் இது பெரிய விவகாரமாகி, அந்தப் பாகங்களை மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. தகடு ஒன்றேதான். துளையை எப்படி வெட்டினார்கள் என்பதில் மட்டும்தான் வித்தியாசம்.

பக்கத்துப் பட்டறையில் நாளெல்லாம் இரும்பு கிரைண்டிங் நடக்கிறது. பிரச்சினையா?

வடசென்னையில் இடம் பிடிக்கிறவர்கள் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி. வியாசர்பாடித் தொழிற்பேட்டையாகட்டும், மணலிச் சாலையாகட்டும், சுவருக்கு அந்தப் பக்கம் வெல்டிங்கும் கிரைண்டிங்கும் இல்லாத ஷெட் அரிது. பறக்கும் இரும்புத்தூள் அலுமினியத்தின் மேல் படிந்து, துடைக்கும்போது தேய்த்து உள்ளே பதிந்துவிட்டால், முதல் மழைக்கே துருப்புள்ளி தெரியும். துரு இரும்போடு நிற்காது. அதைச் சுற்றியுள்ள அலுமினியம் அரிக்கத் தொடங்கும்.

ஆகவே இரும்பு பிரஷ், எஃகுப் பஞ்சு இரண்டையும் அலுமினியத்தில் தொடவே கூடாது. இரும்பில் ஓட்டிய அரத்தை அலுமினியத்துக்கு எடுக்காதீர்கள். அரம், உப்புத்தாள், துடைக்கும் துணி என்று எல்லாவற்றுக்கும் அலுமினியத்துக்கென்று தனி செட் வைத்து, கைப்பிடியில் பெயிண்ட் அடித்து அடையாளம் போட்டு வையுங்கள். வேலை முடிந்த தகடுகளைப் போர்வை போட்டு மூடி வைக்க வேண்டும். துடைப்பதற்கு முன் முதலில் காற்றால் ஊதிவிடுங்கள், பிறகு துணி.

எண்ணூர், காசிமேடு பக்கம் கடல் காற்று. பிசிறு எடுத்த இடம் அரித்துவிடாதா?

அரிக்கும் வாய்ப்பு மற்ற ஊரைவிட அதிகம்தான். நாம் அதிகம் பயன்படுத்தும் 2024-டி3 தகட்டில் நூற்றுக்கு நாலு பங்குக்கு மேல் செம்பு கலந்திருக்கிறது. பலம் அதனால்தான், அரிப்பும் அதனால்தான். அதற்காகத்தான் மேலும் கீழும் சுத்த அலுமினியப் பூச்சு கொடுத்து அல்க்ளாட் என்று தருகிறார்கள். அந்தப் பூச்சு மெல்லிய தகடுகளில் பக்கத்துக்கு மொத்தக் கனத்தில் ஐந்து சதவீதம்தான். 0.025 அங்குலத் தகட்டில் கணக்குப் போட்டால் சுமார் 0.03 மி.மீ. வருகிறது. துளையைச் சுற்றி உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்துப் பிசிறு எடுக்கிறவர்களை நான் தடுப்பது இதனால்தான். பிசிறு போகும், கூடவே பூச்சும் போகும்.

துளையின் உட்சுவரில் எப்படியும் பூச்சு இல்லை. பிசிறு எடுத்த ஓரமும் வெறும் உலோகம். அதனால் எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ கட்டுகிறவர்கள் உள்பக்கம் முழுவதும் பிரைமர் அடித்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. உள்நாட்டில் வறண்ட ஊரில் கட்டுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள் என்று பார்த்து விட்டுவிடாதீர்கள். இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பிரைமர் நல்ல தேர்வு. ஜிங்க் குரோமேட் பழைய நம்பிக்கையான சரக்குதான், ஆனால் அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. சரியான மாஸ்க் இல்லாமல் ஸ்ப்ரே செய்யக் கூடாது. வேர்வைக் கையோடு தொட்ட தகட்டை அசிட்டோனோ ஐசோபுரோபைல் ஆல்கஹாலோ போட்டுத் துடைத்துவிட்டு அடியுங்கள். சித்திரை வெயிலில் ஷெட்டுக்குள் வேலை செய்தால் வேர்வை சொட்டிய இடமெல்லாம் உப்புத்தான்.

தகட்டின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையை மாசக்கணக்கில் விட்டு வைப்பதும் நம் ஊருக்கு ஒத்துவராது. ஈரம் உள்ளே தங்கும், வெயிலில் பசை இறுகிவிடும்.

பாப் ரிவெட் போடும் கிட்டுக்கும் பிசிறு எடுக்க வேண்டுமா?

வேண்டும். இழுத்துப் போடும் ரிவெட் என்பதால் தகடுகள் படிய வேண்டிய அவசியம் குறைந்துவிடுவதில்லை. கடைசி அளவிலேயே துளை போட்டு வரும் கிட்டுகளில் வேலை கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் விரலால் தடவிப் பார்க்காமல் எதையும் மாட்டாதீர்கள்.

எஃகு பிராக்கெட், ஸ்டெயின்லெஸ் ஃபயர்வால் (எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தீத்தடுப்புச் சுவர்)?

அதே முறைதான், பிட் மட்டும் நல்ல தரமாக இருக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ்ஸில் வேகம் குறைவாக, அழுத்தம் நிலையாக. பிட் வெட்டாமல் உரசினால் அந்த இடம் இறுகிப்போய் அடுத்த பிட்டையும் தின்னும். அதன் பிசிறு கையைக் கிழித்துவிடும், கையுறை போடுங்கள்.

துளை மட்டும்தானா, தகட்டின் ஓரம்?

ஓரமும் உண்டு. கத்தரியோ ஷியரிங் மெஷினோ விட்டுப்போகும் பற்களை அரத்தால் எடுக்க வேண்டும். அரத்தைக் குறுக்கே ஓட்டாமல் ஓரத்தின் நீளவாக்கில் ஓட்டுங்கள். குறுக்குக் கோடு ஒவ்வொன்றும் விரிசலுக்கு இடம். பிறகு ஸ்காட்ச்-பிரைட் சக்கரத்தில் அல்லது பேடில் வழவழப்பாக்கினால் போதும். உள்மூலைகள் கூர்மையாக இருக்கக் கூடாது. உருண்டையாக்கி மெருகேற்ற வேண்டும். ரிப்பின் எடை குறைப்புத் துளைகளையும் மறந்துவிடாதீர்கள்.

அதிகமாக எடுத்துவிட்டால் அந்தப் பாகம் வீணா?

ஒரு துளை என்றால் பெரும்பாலும் வீணில்லை. அடுத்த அளவு ரிவெட்டுக்குத் துளையைப் பெரிதாக்கலாம். அதற்கு முன் ஓர அளவைப் பாருங்கள்: துளையின் மையத்திலிருந்து தகட்டின் ஓரம் வரை ரிவெட் விட்டத்தைப் போல குறைந்தது இரண்டு மடங்கு இருக்க வேண்டும். 3/32-லிருந்து 1/8-க்குப் போனால் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. தேவை. தலை சின்னதாகவே இருந்து உடம்பு மட்டும் ஓர் அளவு பெரிதான ரிவெட்டுகளும் இதற்கென்றே கிடைக்கின்றன. ஸ்பாரிலோ, வரிசையாகப் பல துளைகளிலோ இப்படி ஆகியிருந்தால் நீங்களே முடிவெடுக்காமல், படம் எடுத்து கிட் தயாரிப்பாளரைக் கேளுங்கள். அவர் பாகத்தை மாற்று என்றால் மாற்றுவதுதான் சரி.

துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவே, ஆள் வைத்துச் செய்யலாமா?

வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. ரக விமானம் ஒன்றில் பத்தாயிரத்துக்கும் மேல் ரிவெட் இருக்கும். ஒரு ரிவெட்டுக்கு இரண்டு தகடு, தகட்டுக்கு இரண்டு பக்கம் என்று வைத்தால் நாற்பதாயிரம் விளிம்பு. தனியாளாக முடிப்பது கஷ்டம்தான். உதவிக்கு ஆள் சேர்ப்பதில் தப்பில்லை. நம் பக்கத்தில் ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்த பிள்ளைகளும், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் (ஐ.சி.எஃப்.) தகட்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கை நமக்குக் கிடைப்பது அதிர்ஷ்டம். ஆனால் அவர்களுக்கும் முதலில் விமானத் தகட்டின் துண்டைக் கொடுத்து, வெட்டு முகத்தைக் காட்டி, அதற்கப்புறம்தான் உண்மையான பாகத்தைக் கையில் கொடுக்க வேண்டும். ஒரு பாகத்துக்கு ஒருவர் என்று பிரித்துக் கொடுங்கள். பாதியை ஒருவரும் மீதியை இன்னொருவரும் செய்தால் எந்தத் துளை விடுபட்டது என்றே தெரியாது.

பதிவும் பறக்கும் அனுமதியும் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.விடம் வாங்க வேண்டும். மும்பையில் குடியிருப்பு மாடியிலேயே விமானம் கட்டத் தொடங்கிய அமோல் யாதவுக்கு 2019-இல்தான் பறந்து பார்க்க அனுமதி கிடைத்தது. வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து, யார் செய்தார்கள் என்றும் எழுதி வையுங்கள். தகட்டை மூடிய பிறகு உள்ளே பார்க்க யாராலும் முடியாது. அப்போது பேசுவது அந்தப் பதிவேடு மட்டும்தான்.

வேலை சரியாக முடிந்ததா என்று எப்படிச் சோதிப்பது?

விரல்தான் முதல் அளவுமானி. நுனிவிரலை அழுத்தாமல், தகட்டிலிருந்து துளையை நோக்கி நாலு திசையிலும் ஓட்டுங்கள். எந்தத் திசையிலும் தட்டக்கூடாது. பகல் முழுக்க வேலை செய்து விரல் மரத்துப்போயிருந்தால், ஒரு துணுக்குப் பஞ்சை எடுத்து துளைவரிசை மேல் லேசாக இழுங்கள். பிசிறு இருக்கும் துளையில் இழை சிக்கிக்கொண்டு நிற்கும். அந்தத் துளையை மார்க்கரால் வட்டமிட்டு, வரிசையை முடித்த பிறகு திரும்பி வாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர்கள் கண்ணில் மாட்டுவது, ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் டிம்பிள் ஓரம் பார்க்கவும் உதவும்.

ஒருவர் எடுத்ததை இன்னொருவர் சோதிப்பது எப்போதும் நல்லது. கீழே விழும் வளையங்களைக் காந்தம் இழுக்காது. அன்றன்றைக்கே தரையைக் கூட்டிவிடுங்கள், ஷெட்டுக்குள் செருப்பில்லாமல் யாரையும் விடாதீர்கள். கண்ணாடி போடாமல் காற்றால் ஊதவும் கூடாது.